அந்த ஒன்றரை டிகிரி எந்த ஊரில்?

புவி வெப்பமடைதல் பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும் 1.5 டிகிரி என்ற எண் முன்னால் வந்து நிற்கிறது. 2015இல் பாரிஸில் கூடிய நாடுகள், வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே வைத்திருப்போம், முடிந்தவரை 1.5 டிகிரியோடு நிறுத்தப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டதிலிருந்து அதுதான் எல்லோர் வாயிலும் இருக்கிற கணக்கு. 2024ஆம் ஆண்டின் சராசரி அதையும் தாண்டி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. ஒற்றை ஆண்டு தாண்டியதால் பாரிஸ் இலக்கு கைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, பல வருடப் போக்கைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். சரி, அது இருக்கட்டும்.

எனக்கு இந்த எண்ணோடு நெடுநாளாக ஒரு சண்டை. கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வானிலை நிலையங்கள், கப்பல்கள், கடல் மிதவைகள் எல்லாவற்றிலிருந்தும் அளவெடுத்து, எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் சரிபார்த்த கணக்கு அது. ஆனால் அந்தச் சராசரிக்குள் யாரும் குடியிருக்கவில்லை. வடதுருவத்தையும் சகாராவையும், நடுக்கடலையும் மலை உச்சியையும், உச்சிவெயிலையும் பின்னிரவையும் ஒன்றாகப் போட்டு வகுத்து வந்த எண். "ஒன்றரை டிகிரிதானே, ஏசி ரிமோட்டில் இரண்டு தட்டு தட்டினால் கூடுகிற அளவு, இதற்கா இவ்வளவு கூப்பாடு?" என்று படித்தவர்களே கேட்கும்போது எனக்குக் கோபம்கூட வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. அப்படிக் கேட்க வைத்ததில் அந்தச் சராசரிக்கும் பங்கு உண்டு.

பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டு அறிவியல் குழு 2011 முதல் 2020 வரைக்குக் கொடுத்த கணக்கில் உலகச் சராசரி உயர்வு 1.1 டிகிரி. அதில் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.9, நிலம் ஏறத்தாழ 1.6. அதாவது நாம் எல்லோரும் கால் ஊன்றி நிற்கிற நிலம் ஒன்றரை டிகிரியை எப்போதோ தாண்டியாயிற்று. கடலுக்கு ஆழம் இருக்கிறது, ஆவியாகித் தன்னைத் தணித்துக்கொள்ளவும் முடிகிறது. காய்ந்த மண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஐரோப்பா உலகச் சராசரியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகிறது. ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, கிரீன்லாந்துக்குத் தெற்கே வட அட்லாண்டிக்கில் ஒரு கடற்பரப்பு மட்டும் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூடாகாமல், சற்றுக் குளிர்ந்தே வந்திருக்கிறது. வெப்பமண்டலத்திலிருந்து வெதுவெதுப்பான நீரை வடக்கே கொண்டுபோகிற பெரிய கடல் நீரோட்டம் தளர்ந்து வருவதன் அறிகுறி அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உலக வரைபடமே சிவந்து கிடக்க அந்த நீலத் திட்டு தனியாகக் கண்ணில் படும். அதைப் பார்த்து நிம்மதி அடைய ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் வரைபடத்திலேயே அதிகமாகப் பயப்பட வேண்டிய இடங்களில் அது ஒன்று.

எவ்வளவு கூடியது என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. கூடுவதற்கு முன் அந்த இடம் எந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிய கேள்வி. பனிக்கு விளிம்பு பூஜ்ஜியம் டிகிரி. பவளத்துக்கு அது வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி மேலே. மனித உடம்புக்கு ஒரு விளிம்பு உண்டு, கடலைவிட இரண்டு மீட்டர் மட்டுமே உயர்ந்த தீவுக்கு ஒன்று உண்டு. மூன்று நான்கு டிகிரி ஏறியும் ஓர் இடம் தாக்குப்பிடிக்கலாம், முக்கால் டிகிரியில் இன்னோர் இடம் ஆட்டம் கண்டுவிடலாம்.

ஆர்க்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்று ஒரு சிற்றூர். 1892இல் அங்கே பதிவான குளிர் மைனஸ் 67.8 டிகிரி. 2020 ஜூன் 20 அன்று அதே ஊரில் 38 டிகிரி வெயில். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவான உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு பின்னர் அதை உறுதி செய்தது. செய்திகளில் அந்த 38தான் வந்தது. அங்கே வாழ்கிறவர்களின் பிழைப்பைப் புரட்டிப் போடுவதோ பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற சின்ன நகர்வுகள்தான்.

வடமேற்கு சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் நெனெட்ஸ் மக்கள் துருவ மான்களை மேய்த்துப் பிழைக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த மான்கள் குளம்பால் பனியைக் கிளறி, அடியில் இருக்கும் லைக்கன் என்ற கற்பாசி வகையைத் தின்னும். பனி பொலபொலவென்று இருக்கிற வரைக்கும் எத்தனை குளிர் என்றாலும் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை, மைனஸ் 40கூட ஒன்றும் செய்யாது. 2013 நவம்பரில் பனி விழ வேண்டிய நேரத்தில் மழை பெய்தது. பெய்த மழை பனிமேல் ஊறி, பிறகு வந்த குளிரில் கெட்டித்துத் தகடு போல இறுகிவிட்டது. குளம்பு இறங்கவில்லை. கீழே தீனி இருந்தும் எட்டவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. அருகிலிருக்கும் பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்து திறந்த நீர் கூடியதும், அங்கிருந்து ஈரக்காற்று உள்ளே வந்ததும்தான் அந்த மழைக்குப் பின்னணி என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெப்பம் கூடியதால் பட்டினி என்றால் நாம் வறட்சியைத்தான் நினைப்போம். இங்கே ஒரு மந்தை முழுக்கப் பனிக்கட்டிக்கு மேல் நின்று பட்டினி கிடந்திருக்கிறது.

ஆர்க்டிக் இத்தனை வேகமாகச் சூடாவதற்குக் காரணங்கள் பல. அதில் புரிந்துகொள்ள எளிதானது நிறம். புதிதாக விழுந்த பனி தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பனி உருகிக் கருநீலக் கடல் திறந்துகொண்டால் அது வெயிலில் 90 சதவீதத்துக்கும் மேல் விழுங்கிக்கொள்ளும். உருகினால் சூடு, சூடானால் இன்னும் உருகல். தரைக்குக் கீழேயும் இதே கதைதான். பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கல்லாகக் கிடந்த உறைமண்ணை நம்பித்தான் அங்கே ஊர்களைக் கட்டினார்கள். 2020 மே மாதம் ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகருக்கு அருகில் ஒரு டீசல் தொட்டியின் தாங்குதூண்கள் அமிழ்ந்து தொட்டி உடைந்து, 20,000 டன் அளவுக்கு டீசல் கொட்டி ஆறு சிவந்தது. உறைமண் இளகியதுதான் காரணம் என்றது நிறுவனம். பராமரிப்பும் சரியில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். இளகும் தரைமேல் அலட்சியமும் சேர்ந்தால் இதுதான் நடக்கும்.

அப்படியே நிலநடுக்கோட்டுப் பக்கம் வருவோம். இங்கே எண்கள் சிறியவை. அதனாலேயே ஏமாந்துவிடுகிறோம். வெப்பமண்டலத்தில் வருடம் முழுக்க வெப்பநிலை பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அந்தக் குறுகிய வரம்புக்குள்தான் மரமும் பூச்சியும் பயிரும் பழகியிருக்கின்றன. குளிர்நாட்டில் வருடத்துக்கு ஐம்பது அறுபது டிகிரி ஊசலாட்டத்தைப் பார்த்த உயிருக்கு ஒரு டிகிரி பெரிதாகத் தெரியாது. இங்கே அதே ஒரு டிகிரி, பழகிய வரம்பையே தாண்டிவிடுகிறது.

மனித உடம்பும் அப்படித்தான். உடம்பு தன் சூட்டை இறக்குவது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் கூடக்கூட வியர்வை காயாது, நாம் புழுக்கம் என்று சொல்கிறோமே அதுதான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டு ஆறு மணி நேரம் நீடித்தால், நிழலில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளும் பிழைக்க முடியாது என்பது ஏட்டுக் கணக்கு. பிறகு அமெரிக்காவில் இளம் வயதினரை வைத்துச் சோதித்துப் பார்த்ததில் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே உடம்பு தள்ளாடத் தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது. பாகிஸ்தானின் ஜேகோபாபாத்திலும் பாரசீக வளைகுடாக் கரையில் ராஸ் அல் கைமாவிலும் இந்த 35ஐ ஏற்கெனவே சிறிது நேரங்களுக்குத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது.

கங்கைச் சமவெளியில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே கோடைப் பகல் வெப்பம் பல இடங்களைவிடக் குறைவாகவே ஏறியிருக்கிறது. புகையும் தூசியும் வெயிலை மறைக்கின்றன. பரந்த பாசன வயல்கள் நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கின்றன. ஆனால் அப்படி ஆவியான நீர் காற்றில்தானே தங்க வேண்டும். வெப்பமானி கொஞ்சமாகக் காட்டுகிறது, வயலில் குனிந்து நிற்கிறவருக்குப் புழுக்கம் கூடுகிறது. அந்தக் காற்று மாசைச் சுத்தம் செய்தே தீர வேண்டும், மக்கள் நுரையீரல் அதைக் கேட்கிறது. செய்யும்போது இதுவரை மறைந்திருந்த சூடும் வெளியே வரும். இந்தச் சிக்கலைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை என்பது என் எண்ணம்.

ஒரே வெயில், ஒரே நாள், ஒரே ஊர், ஆனாலும் ஒரே சாவு இல்லை. 2024 ஜூனில் ஹஜ் யாத்திரையின்போது மெக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு சொன்னது. அவர்களில் 83 சதவீதம் பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள், அதனால் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அந்த அனுமதிக்குப் பணம் வேண்டும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பணக்காரப் பகுதி என்றால் தப்பித்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலைக்கு 70,000 பேர் வரை பலியானார்கள். அங்கே வீடுகளைக் கட்டியதே உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது என்றுதான். கனத்த சுவர், சிறிய காற்றோட்டம், பல வீடுகளில் விசிறிகூடக் கிடையாது. ஆகஸ்டில் பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விட, மேல்மாடி வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள்தான் அதிகம் போனார்கள். அதற்குப் பிறகு எச்சரிக்கை ஏற்பாடுகள், திட்டங்கள் எல்லாம் வந்தன. வந்தும் 2022 கோடையில் 60,000க்கு மேல் போனார்கள் என்கிறது ஒரு மதிப்பீடு. வேறு நாடுகளில் 40 டிகிரி என்பது ஒரு சாதாரண மே மாதம். ஆனால் அந்த ஊருக்கு விளிம்பு அதற்கு வெகு முன்பே இருந்திருக்கிறது.

மலைகளில் பணம் செய்கிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தில் பிளாட்டன் என்ற கிராமத்தின் மேல் பனியாறும் பாறையும் சரிந்து ஊரையே மூடிவிட்டன. மலை நகர்வதை முன்கூட்டியே அளந்து கண்காணித்து, சுமார் 300 பேரையும் மாடுகளையும் சில நாட்களுக்கு முன்பே வெளியேற்றிவிட்டதால் ஊர் போயும் ஊரார் தப்பினார்கள், ஒருவரைத் தவிர. அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 2023 அக்டோபரில், சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்தது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அதன் காலடியில் பெருகிய ஏரி அது. ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். நள்ளிரவில் வந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு தீஸ்தா ஆற்றோடு இறங்கியது. கீழே இருந்தவர்களுக்கு ஓடக்கூட நேரமில்லை. இரண்டு மலைகளிலும் பனி உருகியது ஒரே காரணத்தால்தான்.

பனியாறுகள் உருகுவதில் இன்னொரு பொல்லாத விஷயம், ஆரம்பத்தில் அது நல்ல செய்தி போல இருக்கும். உருகும் வேகம் கூடும்போது ஆற்றில் தண்ணீர் கூடும், வயல்கள் விரியும், ஊர்கள் வளரும். உச்சத்தைத் தொட்டபின் பனியே போதாமல் தண்ணீர் வருடா வருடம் குறையத் தொடங்கும். ஆண்டிஸ் மலையின் பல ஆறுகள் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டன. பொலிவியாவின் சக்கல்டாயா பனியாறு ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான பனிச்சறுக்குத் தளமாக இருந்தது. 2009இல் அங்கே பனியாறு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இமயமலை, இந்துகுஷ் பகுதியில் 2011க்குப் பிந்தைய பத்தாண்டில் பனியாறுகள் கரைந்த வேகம் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் கூடுதல். இந்தப் பனிநீரை எதிர்பார்த்து சிந்து நதிப் பக்கம் எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இடங்களைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போகிறேனே தவிர, அவை தனித்தனியாக இல்லை. 2018 மே மாதம் மெகுனு என்ற புயல் அரபிக்கடலில் கிளம்பி அரேபியாவின் பெரும் பாலைவனத்துக்குள் மழையைக் கொட்டியது. மணல்மேடுகளுக்கு நடுவே ஏரிகள் தேங்கின. அந்த ஈர மணலில் பாலைவன வெட்டுக்கிளி முட்டையிட்டது. சாதாரணமாகச் சில மாதங்களில் மணல் காய்ந்து அந்தத் தலைமுறையோடு அடங்கியிருக்கும், ஆனால் அக்டோபரில் லுபான் என்ற இன்னொரு புயல் வந்து மறுபடியும் நனைத்துவிட்டது. ஆளில்லாத பாலை, பார்க்க யாருமில்லை. ஒரு தலைமுறைக்கு இருபது மடங்கு என்ற கணக்கில் மூன்று தலைமுறை பெருகின, அதாவது எட்டாயிரம் மடங்கு. பிறகு ஏமனுக்குப் பறந்தன. அங்கே போர் நடந்துகொண்டிருந்ததால் மருந்தடிக்க வழியில்லை. 2019 கடைசியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிட மிகவும் சூடாகி, கிழக்கு ஆப்பிரிக்காவில் பேய்மழை பெய்ய, எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா என்று கூட்டம் கூட்டமாகப் பரவின. கென்யா எழுபது வருடத்தில் அப்படி ஒரு படையெடுப்பைப் பார்த்ததில்லை. ஒரு சதுர கி.மீ. பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் 35,000 பேர் சாப்பிடுகிற அளவைத் தின்றுவிடும். இன்னொரு பக்கம் ஈரான், பாகிஸ்தான் வழியாக ராஜஸ்தான் வரை வந்தன. அதே நேரத்தில் அதே கடல்நிலை, கிழக்குப் பக்கம் ஆஸ்திரேலியாவைக் காயவைத்து, அந்தக் கோடையின் பெரும் காட்டுத்தீக்கு விறகு அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் வெப்பமாதல் ஒன்றே செய்தது என்று நான் சொல்ல மாட்டேன், போரும் இருந்தது, கடலின் இயல்பான ஊசலாட்டமும் இருந்தது. ஆனால் அரபிக்கடல் சூடாகச் சூடாக அங்கே கடும் புயல்கள் கூடிவருவது உண்மை. கென்யாவில் சோளம் போட்ட ஒருவர், தன் வயலைத் தின்றது ஒன்றரை வருடம் முன்பு அரேபியாவில் பெய்த மழை என்று எப்படி அறிவார்?

சூடாவதால் லாபம் அடையும் பகுதிகளும் உண்டே என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. தென் கிரீன்லாந்தில் உருளைக்கிழங்கு முன்னைவிட நன்றாக வருகிறது, தென் இங்கிலாந்தில் திராட்சைத் தோட்டங்கள் பெருகிவிட்டன. கனடாவின் வடக்கே கோதுமை போடலாம் என்ற பேச்சும் இருக்கிறது. ஆனால் வெப்பம் வடக்கே நகர்கிற வேகத்தில் மண் நகராது. அந்த நாட்டின் பெரும்பகுதி வெறும் பாறை, அதன்மேல் மெல்லிய மண். அந்தக் கனடாவில்தான் 2021 ஜூனில் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவாகி, அடுத்த நாளே ஊரின் பெரும்பகுதி தீயில் போனது. 2023இல் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது, நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானது. லாபக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடலுக்கு வருகிறேன். நாம் கூட்டிய சூட்டில் 90 சதவீதத்தை வாங்கிக்கொண்டது கடல்தான். அதன் முதல் பலி பவளம். சில வாரங்கள் ஒரு டிகிரி கூடினால் போதும், தனக்குள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் பாசியை அது வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் 1998இல் பெருமளவு வெளுத்தது, பிறகு 2002, அப்புறம் 2016, 2017, 2020, 2022, 2024. நடுவில் தேறி எழ அதற்குக் கிடைத்த இடைவெளியைப் பாருங்கள்.

கடல்மட்டமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உயர்வதில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் சமமாக ஏறுவது போலத்தான் பலர் நினைக்கிறார்கள். கிரீன்லாந்தின் பனிமலை அத்தனை பெரியது, தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது கரையும்போது அந்தப் பிடி தளர்ந்து, கிரீன்லாந்துக்கு அருகில் கடல் இறங்குகிறது, தொலைவில் இருக்கிற வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறுகிறது. ஸ்வீடனின் வடகரையில் பழைய பனியுகப் பாரம் நீங்கிய தரை இன்னும் வருடத்துக்கு 8, 9 மி.மீ. மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது, அங்கே கடல் பின்வாங்குகிறது. ஜகார்த்தாவில் நிலத்தடி நீரை உறிஞ்சித் தரையே கீழே போகிறது, அங்கே கடல் இரட்டிப்பாக ஏறுவது போல. எரித்தவர் ஒரு கரை, உருகியது ஒரு கரை, மூழ்குவது வேறொரு கரை.

துவாலு தீவுகளில் ஏறத்தாழ 11,000 பேர் இருக்கிறார்கள். தரை பெரும்பாலும் கடலைவிட இரண்டு மூன்று மீட்டர்தான் உயரம். அங்கே ஆறு கிடையாது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்த நல்ல நீர் எட்டுகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, இலைதழை உரம் போட்டு, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த புலாக்கா என்ற கிழங்கைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். தரை பவளத்தாலானது, முழுக்கத் துளைகள். அதனால் பெரிய அலையேற்றத்தின்போது கடல் கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே காலடியிலிருந்து நீர் ஊறி மேலே வருகிறது. சுவர் கட்டித் தடுக்க முடியாத வெள்ளம் அது. ஒருமுறை உப்பு ஏறிய குழியில் கிழங்கு அழுகிப்போகும், குழி மறுபடி நல்லபடியாக ஆகப் பல வருடம் பிடிக்கும்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துவாலுவின் 101 தீவுகளையும் பழைய படங்களோடு ஒப்பிட்டு, 1971க்கும் 2014க்கும் நடுவே நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்று காட்டினார்கள். அலைகள் பவள மணலைக் கொண்டுவந்து சில கரைகளில் சேர்க்கின்றன. இதை எடுத்துக்கொண்டு "தீவு மூழ்கவே இல்லை, வளர்கிறது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. பரப்பு கூடியது சரி, உயரம்? குடிநீர்? கிழங்குக் குழி? மேலிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் உப்பா நல்லதா என்று தெரியாது. இங்கும் ஒரு சராசரி எண், உண்மையான எண், அங்கே இருக்கிற மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாத எண்.

தயாராக இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு வங்கதேசத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1970இல் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 2007இல் சிதர் என்ற கடும்புயலில் இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். நடுவில் அவர்கள் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள், மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஒலிபெருக்கியோடு போய் எச்சரிக்கும் பல்லாயிரம் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். அவ்வளவு வசதியில்லாத நாடு செய்துகாட்டிய வேலை அது. ஆனால் கிணற்றிலும் வயலிலும் மெல்ல ஏறுகிற உப்பிலிருந்து ஓடி ஒளிய எந்தக் காப்பகமும் கிடையாது.

இவ்வளவுக்கும் யார் காரணம் என்ற கணக்கைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. இதுவரை காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால்வாசி அமெரிக்காவினுடையது. ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து இன்றைய உலக உமிழ்வில் நான்கு சதவீதத்தைச் சுற்றித்தான். பாகிஸ்தான் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பாகிஸ்தானில் 2022 வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700க்கும் அதிகமானோர் இறந்தார்கள், சேதமும் இழப்பும் சேர்த்து 3,000 கோடி டாலர். அதே ஆண்டு எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்புக்கு நிதி என்று ஒன்றை ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு துபாயில் அதைத் தொடங்கியபோது எல்லா நாடுகளும் சேர்ந்து தருவதாகச் சொன்ன தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். உலகத்துக்கே அவ்வளவுதான்.

பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் 2019இல் இதை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்து, ஐ.நா. பொதுச்சபையில் 2023இல் தீர்மானமாக்கியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துரை சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பாதிக்கப்பட்ட நாட்டுக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பும் வரலாம். கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்துதான். இருந்தாலும் இனி எந்த நாட்டு வழக்கறிஞரும் எந்த நீதிமன்றத்திலும் அதை எடுத்துக்காட்டலாம், காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

துவாலு மக்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவோடு 2023இல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய் நிரந்தரமாகக் குடியேறலாம். 2025இல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கேட்டபோது, பதிந்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்தால் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சில நாட்களிலேயே வந்துவிட்டார்கள். எல்லோரும் ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகத்தான் பெயர் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. படிப்பு, வேலை, மருத்துவம் எல்லாமும் அதில் இருக்கிறது, போய்விட்டுத் திரும்பி வரவும் அந்த விசா அனுமதிக்கிறது. திரும்பி வந்தால் நாடு என்ற பெயரும் கடல் எல்லையும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, நிலம் என்ன ஆனாலும் துவாலு ஒரு நாடாகத் தொடரும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.